பணம் நிலத்துக்கா, உழுகிறவருக்கா? ஆர்கன்சாவின் ஒரு நெல் கவுண்டியில் அரசு மானியம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வேலை பார்க்கும் உங்கள் மகன் பாய்ன்செட் கவுண்டியின் விவசாய மானியப் பட்டியலைக் காட்டியிருக்கிறார். ஒரே பண்ணையின் பெயருக்கு நேராக ஓராண்டில் 5 லட்சம் டாலர் இருந்ததைப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறீர்கள். பயிரிடாமல் இருப்பதற்கே அங்கு பணம் கொடுக்கிறார்களாமே, உண்மையா என்பது உங்கள் முதல் கேள்வி. இவ்வளவு வாங்கியும் அந்த ஊர் விவசாயிகள் ஏன் கடனில் கிடக்கிறார்கள் என்பது இரண்டாவது. நம் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய்தானே என்ற ஆதங்கமும் கூடவே இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: அந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கோவையில் வேளாண்மை படித்தேன். மேற்படிப்புக்காக மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்குப் போனவன், அங்கேயே 17 ஆண்டுகள் நெல், சோயா, பருத்திப் பண்ணைகளுக்கு வரவு செலவுக் கணக்கும் மானியப் படிவங்களும் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். சட்டம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். பணம் குத்தகைக்குள் எவ்வளவு கரைகிறது என்ற இடத்தில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை; நான் பொருளாதார ஆய்வாளனும் இல்லை. அந்த இடம் வரும்போது கண்ணால் கண்டதை வேறாகவும் ஆய்வுகள் சொல்வதை வேறாகவும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஊர். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாக அலகு, ஆனால் சிறியது. பாய்ன்செட்டில் சுமார் 2,000 சதுர கிலோமீட்டரில் 23,000 பேர்தான் வசிக்கிறார்கள். தலைநகர் ஹாரிஸ்பர்க். நடுவே வடக்கு தெற்காகக் கிரௌலி மேடு என்ற நீண்ட மண்மேடு ஓடுகிறது. மேட்டுக்கு மேற்கே வீனர் போன்ற ஊர்களைச் சுற்றித் தண்ணீரை இறங்கவிடாத கெட்டி மண். அது நெல்லும் சோயாவும் மாறி மாறி விளையும் பூமி. கிழக்கே செயின்ட் பிரான்சிஸ் ஆற்றுப் பள்ளம். அது பழைய பருத்தி நாடு. அமெரிக்க நெல்லில் ஏறக்குறையப் பாதி ஆர்கன்சாவில் விளைகிறது, அந்த மாநிலத்திலும் பாய்ன்செட் முன்வரிசையில் நிற்கும் கவுண்டி. நாற்று நடுவது கிடையாது. காய்ந்த மண்ணில் இயந்திரம் வரிசை பிடித்து விதைக்கும். பயிர் ஒரு சாண் உயர்ந்த பிறகுதான் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கட்டுவார்கள். பல வயல்களில் வரப்புகள் நம்முடையதைப் போல நேராக இல்லாமல் நிலத்தின் வாட்டத்துக்கு ஏற்பப் பாம்பாக வளைந்து போகும். இரண்டாயிரம், மூவாயிரம் ஏக்கர் செய்கிறவரை அங்கே யாரும் பெரிய பண்ணைக்காரர் என்று சொல்வதில்லை. பட்டியலைப் பார்க்கும்போது இந்த அளவு மனத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பணம் பிறக்கும் இடம். ஒவ்வொரு கவுண்டியிலும் அல்லது இரண்டு மூன்று கவுண்டிகளுக்குச் சேர்த்தும் மத்திய வேளாண் துறையின் கீழ் பண்ணைச் சேவை முகமையின் அலுவலகம் உண்டு. அங்கே மேசையில் விரியும் முதல் காகிதம் வானிலிருந்து எடுத்த நிலப்படம். நம் புலப்படம் மாதிரிதான்: பண்ணைக்கு ஓர் எண், அதற்குள் நிலத்தொகுதிக்கு ஓர் எண், அதற்குள் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். ஜூலை நடுவில் கெடு முடிவதற்குள் விவசாயி வந்து, எந்த வயலில் எந்த நாளில் என்ன விதைத்தார் என்று படத்தின்மேல் விரல் வைத்துச் சொல்லுவார். டீசல் கறை ஏறிய அந்த விரல் வரப்பின் வளைவை ஒட்டியே நகர்வதை நான் எத்தனையோ முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எண் மறந்துபோகும், வயலின் வடிவம் மறக்காது.

ஆனால் வெளியாள் எவரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. அவர் இந்த ஆண்டு விதைத்ததை வைத்து மானியம் கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் 'அடிப்படை ஏக்கர்' என்று ஒரு கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் என்ன பயிரானது என்ற வரலாற்றில் பிறந்து, 2002, 2014 சட்டங்களின்போது திருத்திக்கொள்ள வாய்ப்புத் தரப்பட்ட எண் அது. 1,000 ஏக்கர் நெல் அடிப்படை உள்ள நிலத்தில் இந்த ஆண்டு முழுக்க சோயா விதைத்தாலும் நெல்லுக்கான பணம்தான் வரும். நிலம் கைமாறினால் அந்த எண்ணும் நிலத்தோடு போகும். விளைச்சல் எண்ணும் அப்படியே: இந்த ஆண்டு கண்டுமுதல் என்ன என்று யாரும் கேட்பதில்லை, கோப்பில் இருக்கும் பழைய சராசரிதான் எடுக்கப்படும்.

நெல்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் தேர்ந்தெடுப்பது விலை இழப்புத் திட்டம். சட்டம் ஒரு குறிப்பு விலையை எழுதி வைத்திருக்கிறது. 2014, 2018 சட்டங்களில் நெல்லுக்கு அது 100 பவுண்டுக்கு, அதாவது 45 கிலோவுக்கு, 14 டாலர். நாட்டின் ஆண்டுச் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் வித்தியாசத்தை அரசு தரும், அதுவும் அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்கு மட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தை விலை 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம், வித்தியாசம் 2 டாலர். கோப்பில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 60 மூட்டை, மூட்டை என்று நான் சொல்வது அந்த 100 பவுண்டை. அப்போது ஓர் அடிப்படை ஏக்கருக்கு 102 டாலர் கிடைக்கும். 2014 அறுவடை முதல் 2021 அறுவடை வரை ஒவ்வோர் ஆண்டும் நீள அரிசி நெல்லின் சராசரி விலை 14 டாலருக்குக் கீழேதான் இருந்தது. அதனால் பாய்ன்செட்டுக்கு இந்த வழியாகப் பணம் விடாமல் வந்தது. 2022-இல் விலை ஏறியதும் நின்றுபோனது.

கவுண்டியின் பெயரே கணக்குக்குள் வரும் இன்னொரு திட்டமும் உண்டு. அதில் கவுண்டியின் சராசரி விளைச்சலை விலையால் பெருக்கி வருமானம் பார்ப்பார்கள். உங்கள் வயல் கருகிப்போய் கவுண்டி முழுக்க நன்றாக விளைந்திருந்தால் ஒன்றும் வராது. மக்காச்சோளம், சோயா மிகுந்த மாநிலங்களில்தான் இதற்கு வரவேற்பு அதிகம். சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி என்பதால் பக்கத்து வயல்காரருக்குப் பணம் வந்து தனக்கு வராமல் போன மனக்கசப்பை அங்கே எல்லாக் காபிக் கடைகளிலும் கேட்கலாம்.

பயிரிடாமல் இருக்கப் பணமா என்ற உங்கள் கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். 1930-களிலிருந்து 1996 வரை பெருமளவுக்கு அது உண்மைதான். விளைச்சல் மிஞ்சி விலை விழாமலிருக்க, இத்தனை ஏக்கரைத் தரிசாகப் போடு, பணம் தருகிறேன் என்பதே ஏற்பாடு. 1996 சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. இன்று வெளிப்படையாகப் பயிரிடாமைக்குக் கொடுப்பது 1985-இல் தொடங்கிய நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம். மண் அரிக்கும் நிலத்தையும் ஆற்றோர நிலத்தையும் 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிட்டால் ஆண்டு வாடகை கிடைக்கும். மண்ணுக்கும் தண்ணீருக்கும் காட்டுப் பறவைகளுக்கும் அதனால் நன்மை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பணத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

கசப்பான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. பணம் நிலத்தின் பழைய வரலாற்றைத் தொடர்ந்து போவதால், பயிரிட வேண்டும் என்ற கட்டாயமே இல்லாமல் போயிற்று. 1996-க்குப் பிறகு 2013 வரை விலை ஏறினாலும் இறங்கினாலும் தரும் நேரடித் தொகை ஒன்று இருந்தது. நெல் அடிப்படை ஏக்கருக்கு அது சராசரியாக 96 டாலரை ஒட்டி வந்தது. 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு டெக்சஸின் பழைய நெல் பகுதிகளைத் தோண்டிப் பார்த்தது. வயலை மனைகளாகப் பிரித்து வீடு கட்டியவர்களின் கொல்லைக்குக்கூட நெல் பணம் வந்துகொண்டிருந்தது. விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000-க்குப் பிறகு குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று அது கணக்கிட்டது. 2014 சட்டம் நேரடித் தொகையை ஒழித்தது. அடிப்படை ஏக்கரை மட்டும் ஒழிக்கவில்லை.

இனி மையமான விஷயம். அமெரிக்க விவசாய நிலத்தில் சுமார் 39 சதவீதம் குத்தகையில் இருக்கிறது. அப்படிக் குத்தகைக்கு விட்ட நிலத்தில் 80 சதவீதம் தாங்களே விவசாயம் செய்யாதவர்களுடையது. இது 2014-இல் எடுத்த அரசுக் கணக்கு. மிசிசிப்பிப் படுகையில் குத்தகை நாட்டுச் சராசரியைவிட அதிகம். நெல் நிலத்தில் இரண்டு வகைக் குத்தகை நடக்கிறது. ஒன்று வாரம்: விளைச்சலில் கால் பங்கோ வேறு பங்கோ நிலக்காரருக்கு. இந்த வகையில் அரசுப் பணமும் அதே விகிதத்தில் பிரியும். மற்றொன்று ரொக்கக் குத்தகை: இங்கே நட்டமானாலும் லாபமானாலும் பயிர் செய்கிறவர் பாடு என்பதால், சட்டப்படி முழுப் பணமும் அவருக்கே. காகிதத்தில் மிக நியாயமான விதி.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2014 சட்டம் வந்த பிறகு ஓர் இலையுதிர்காலம். என் மேசைக்கு எதிரே இருந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். 1,800 ஏக்கர் செய்கிறார், சொந்த நிலம் 200 ஏக்கர்தான். சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீவி வைத்தார். அவர் தந்தை காலத்திலிருந்து செய்துவரும் நிலம். பழைய உரிமையாளர் இறந்துவிட்டார். வாரிசுகள் வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய நில மேலாளர் எழுதிய கடிதம் அது. 'புதிய சட்டத்தின் பலன்களைக் கருத்தில் கொண்டு' ஏக்கருக்கு 25 டாலர் உயர்த்தியிருந்தார்கள். முதல் மானியம் வர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. விலைச் சராசரி தெரிந்த பின்புதான் பணம். ஓர் இலையுதிர்காலத்தில் அறுத்த நெல்லுக்கு அடுத்த அக்டோபரில்தான் தருவார்கள். குத்தகை மட்டும் அன்றே ஏறிவிட்டது. 'விட்டுவிட்டால் நாளைக்கே எடுத்துக்கொள்ள நான்கு பேர் இருக்கிறார்கள்' என்றார். கையெழுத்துப் போட்டார்.

இது நான் கண்டது, இதை ஒத்த கடிதங்கள் வேறு பலரிடமும் பார்த்தேன். ஆனால் ஒரு மேசையில் பார்த்ததை நாட்டுக்கே பொதுவாக்குவது தவறு. மானியத்தில் ஒரு பகுதி குத்தகை வழியாக நிலக்காரருக்குப் போகிறது என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். எவ்வளவு என்பதில்தான் சண்டை. பொருளாதார ஆய்வாளர் பாரெட் கிர்வன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு டாலரில் 25 சென்ட்தான் போகிறது, மிச்சம் குத்தகைதாரரிடம் தங்குகிறது என்றது. அதுவரை பாடப்புத்தகங்கள் ஏறக்குறைய முழு டாலரும் போய்விடும் என்றே சொல்லிவந்தன. இரண்டுக்கும் இடையில் பல ஆய்வுகள் இருக்கின்றன. பழைய குடும்ப உறவு, வாய்ச்சொல் ஒப்பந்தம், பக்கத்தில் போட்டிக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும் என்று நினைக்கிறேன். நீண்ட காலத்தில் கூடுதலாகவே போகிறது என்பது என் கணிப்பு. கணிப்பு என்றே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே பாய்ன்செட் மண்ணில் இந்தக் கேள்வி புதிதல்ல. 90 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறையாது. 1933 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பருத்தி விலை படுத்துக் கிடந்தது. முளைத்து நின்ற பயிரில் சுமார் ஒரு கோடி ஏக்கரை அந்தக் கோடையிலேயே உழுது மடக்கவைத்து, அதற்குப் பணம் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நிலக்கிழார். உழுதவர் வாரக்குடி, வெள்ளையரும் கறுப்பரும் கலந்து, பாதி விளைச்சலுக்கு உழைத்து, தோட்டத்துக் கடையிலேயே கடன் வாங்கிச் சாப்பிட்டவர்கள். பணத்தில் அவர்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று எழுதியிருந்தது. ஆனால் அது போக வேண்டிய வழி நிலக்கிழார் கைதான். பலருக்குப் போய்ச் சேரவில்லை. பயிர் ஏக்கர் குறைந்ததால் அத்தனை குடிகள் தேவைப்படவும் இல்லை. பங்கு கொடுப்பதைவிடக் குடியை எழுப்பிவிடுவது சுலபமாகத் தெரிந்தது. தட்டுமுட்டுச் சாமான்களோடு குடும்பங்கள் சாலை ஓரத்துக்கு வந்தன.

1934 ஜூலையில் பாய்ன்செட் கவுண்டியின் டைரன்சா என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். பக்கத்துப் பெருந்தோட்டம் ஒன்று இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றியதுதான் உடனடிக் காரணம். தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்று அங்கே கேள்வி எழுந்தது. 1919-இல் எலைன் என்ற ஊரில் சங்கம் வைக்க முயன்ற கறுப்பர்கள் கொன்று குவிக்கப்பட்டதிலிருந்து தப்பிய ஒரு முதியவர் எழுந்து, ஒன்றாகவே இருப்போம் என்று பேசினார் என்று சங்கத்தார் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். அப்படிப் பிறந்தது தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம். சலவைக் கடை வைத்திருந்த எச். எல். மிட்செலும், பெட்ரோல் நிலையம் நடத்திய கிளே ஈஸ்ட்டும் அதன் முன்னோடிகள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் உட்காருவதே ஆபத்தான காலம் அது. அடியும் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன.

வாஷிங்டனிலும் இது வெடித்தது. ஒப்பந்தம் போட்ட நிலக்கிழார் அதே குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்று வேளாண் துறையின் சட்டப் பிரிவு விளக்கம் எழுதியது. 1935 பிப்ரவரியில் அந்தப் பிரிவின் தலைவர் ஜெரோம் ஃபிராங்கும் அவருடன் இருந்த சிலரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். விளக்கமும் அவர்களோடு போய்விட்டது. டைரன்சாவில் மிட்செலும் ஈஸ்ட்டும் தொழில் நடத்திய அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. உங்கள் மகன் அங்கேயே இருக்கிறார் என்றால் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நான் முதல்முறை போனபோது, மடித்த கடிதத்தோடு என் எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பட்டியலுக்குத் திரும்புவோம். அது பெரும்பாலும் என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு அரசிடம் தகவல் உரிமைச் சட்டப்படி வாங்கித் தொகுத்ததாக இருக்கும். 1995 முதலான பணத்தைப் பெயர்வாரியாகக் காட்டும். அந்த 5 லட்சத்தை நான் இப்படிப் படிப்பேன். 2014, 2018 சட்டங்களின்படி ஒருவருக்கு ஆண்டு வரம்பு 1,25,000 டாலர். கூட்டுப் பண்ணை என்றால் பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு. நால்வர் சேர்ந்தால் சரியாக 5 லட்சம். பங்குதாரர் பண்ணையில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மேற்பார்வை, நிர்வாகம் செய்தாலும் ஈடுபாடுதான். 2018 சட்டம் குடும்பம் என்ற சொல்லை விரித்து, அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்காள் தங்கை பிள்ளைகள், சித்தப்பா பெரியப்பா அத்தை மாமன் பிள்ளைகள் வரை உள்ளே கொண்டுவந்தது. நகரத்தில் வேறு வேலை பார்க்கும் தம்பி மகனுக்கும் ஒரு வரம்பு எழுத முடியும். இது சட்டத்துக்கு உட்பட்டது. சரியானது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நடுத்தரப் பண்ணைக்கு என்று சொல்லிக் கொடுக்கும் பணம் பெரிய பண்ணைக்கு நிலம் பிடிக்கும் பலமாக மாறுவது இந்த வழியில்தான்.

அதே நேரம் அந்தப் பண்ணையின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. மேலே சொன்ன 102 டாலர் கணக்கில் 5 லட்சம் வர வேண்டுமென்றால் சுமார் 4,900 அடிப்படை ஏக்கர் வேண்டும். அண்மை ஆண்டுகளில் நெல்லுக்கு விதை, உரம், மருந்து, டீசல் என்று ஏக்கருக்கு 800 டாலருக்கு மேல் செலவாகிறது. அத்தனை ஏக்கரும் நெல்லாக இருந்தால் செலவே சுமார் 40 லட்சம் டாலர். ஒரு புதிய அறுவடை இயந்திரம் 5 லட்சத்துக்கு மேல். விதைப்புக்கு முன் வங்கியில் பயிர்க்கடன் வாங்கும்போதே, அக்டோபரில் வரும் மானியத்தை வங்கியின் பேருக்கு மாற்றிக்கொடுக்கும் படிவத்தில் பலர் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். பணம் அவர்கள் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்காது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே பெரும்பகுதி விடை: குத்தகைக்கும் இயந்திரத்துக்கும் வட்டிக்கும் நடுவில் அது கடந்து போகிற பணம்.

பட்டியலில் ஏமாற்றும் இடங்கள் இரண்டு. ஆர்கன்சாவில் மிகப் பெரிய தொகைக்கு நேராக ரைஸ்லேண்ட் ஃபுட்ஸ் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஆர்கன்சாவிலேயே ஸ்டட்கார்ட் என்ற ஊரில் உள்ள விவசாயிகள் கூட்டுறவு. உறுப்பினர்களுக்கான பணம் அதன் வழியாகப் போனதால் அந்தப் பெயரில் பதிவாயிற்று. கூட்டுறவே விழுங்கிவிட்டது என்று படிக்கக் கூடாது. அடுத்து, பயிர்க் காப்பீடு. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது. அதற்கு ஆள்வாரி உச்சவரம்பு கிடையாது, வருமான வரம்பும் கிடையாது, பெற்றவர் பெயரும் வெளியிடப்படுவதில்லை. ஆக, நீங்கள் பார்த்த பட்டியல் அரசு செலவிடுவதன் முழுப் படம் அல்ல.

இத்தனையையும் தாண்டி, அவ்வப்போது அறிவிக்கும் அவசரப் பணம் இருக்கிறது. 2018-இல் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டதும் புஷலுக்கு, அதாவது சுமார் 27 கிலோவுக்கு, 1.65 டாலர் வீதம் இழப்பீடு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பயிர் வாரியாக இல்லாமல் கவுண்டிக்கு ஒரு விலை வைத்தார்கள். ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து சுமார் 2,300 கோடி டாலர். 2020-இல் தொற்றுநோய் நிவாரணமும் சேர்ந்து, விவசாயிகளுக்கு நேரடியாகக் கொடுத்த தொகை சுமார் 4,500 கோடி டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு நாட்டின் நிகரப் பண்ணை வருமானத்தில் அது ஏறக்குறையப் பாதி. உங்கள் பட்டியலில் 2018 முதல் 2020 வரை எண்கள் திடீரென்று துள்ளியிருந்தால் காரணம் இதுதான்.

யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கவுண்டி அலுவலகத்தின் முடிவுகளில் உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு இன்றும் பங்கு உண்டு. விவசாயிகளே விவசாயிகளை விசாரிப்பது நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. தென்மாநிலங்களில் பல பத்தாண்டுகள் அந்தக் குழுக்கள் வெள்ளை நிலக்கிழார்கள் கையில் இருந்தன. கறுப்பின விவசாயியின் கடன் மனு விதைப்புக் காலம் முடியும்வரை மேசையில் கிடக்கும். 1920-இல் 9 லட்சத்துக்கும் மேலிருந்த கறுப்பின விவசாயிகள் 1997-இல் 20,000-க்கும் கீழே போனார்கள். இயந்திரமும் நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் பெரிய காரணங்கள்தான். ஆனால் பாகுபாட்டை அரசே 1999-இல், கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கின் சமரசத்தில் இழப்பீடு கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. 2010-இல் இரண்டாவது தீர்வாக 125 கோடி டாலர். 2024-இல், கறுப்பினத்தவர் மட்டும் என்றில்லாமல், கடனில் பாகுபாட்டுக்கு ஆளான 43,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 200 கோடி டாலர். காசு வந்தது, போன நிலம் வரவில்லை.

நம் 6,000 ரூபாயோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். தொகையை ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து ஏக்கருக்கும் ஐயாயிரம் ஏக்கருக்கும் எதை வைத்து ஒப்பிடுவது? ஆனால் அமைப்பில் ஓர் ஒற்றுமை உறுத்துகிறது. பிரதமரின் கிசான் திட்டமும் நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்குத்தான். காவிரிப் படுகையில் கோயில் நிலத்தையும் பிறர் நிலத்தையும் குத்தகைக்குச் செய்கிறவர் சொந்தப் பட்டா இல்லாவிட்டால் அதில் சேர முடியாது. இரண்டு நெல் நாடுகளும் ஒன்றையொன்று குறைசொல்லிக்கொண்டும் இருக்கின்றன. இந்தியா நெல்லுக்கும் கோதுமைக்கும் கணக்கில் காட்டியதைவிட மிக அதிகம் ஆதரவு தருகிறது என்று 2018-இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது.

கடைசியாக ஒரு புதிய செய்தி, உங்கள் மகன் இனிப் பார்க்கப்போகும் பட்டியல்களுக்காக. 2025 ஜூலை 4-ஆம் நாள் கையெழுத்தான சட்டம் நெல்லின் குறிப்பு விலையை 14 டாலரிலிருந்து 16.90 ஆக்கியது. ஆள்வாரி வரம்பை 1,55,000 ஆக்கியது. நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிதாக அடிப்படை ஏக்கர் சேர்க்கவும் வழி செய்தது. உயர்ந்த விலையின்படி முதல் பணம் 2026 அக்டோபருக்குப் பிறகுதான். அதற்கு முன்பே குத்தகைக் கடிதங்கள் வந்திருக்குமா என்று தெரிய வேண்டுமானால், பட்டியலைப் பார்ப்பதைவிட வீனர் பக்கம் ஒரு விவசாயியிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: நீங்கள் செய்யும் நிலத்தில் எத்தனை ஏக்கர் உங்களுடையது, குத்தகை கடைசியாக எப்போது ஏறியது?